பாரம் தாங்கும் தூண்கள்

நாமக்கல்லுக்குக் கிழக்கே, கொல்லிமலையை அண்ணாந்து பார்த்தபடி சமவெளியில் அமைந்திருக்கும் ஊர் எருமப்பட்டி. வல்வில் ஓரியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மலை அது. மலைக்குக் கீழே கோழிப் பண்ணைகள், மரவள்ளிக் காடுகள், லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள். அத்தகைய சீமையில் தேக பலத்தைப் பற்றி நாம் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும், சென்ற கோடையில் அவ்வூரிலுள்ள நமது நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்த சம்பவம், இதைப் பற்றி எழுதியே தீரவேண்டும் என்று நம்மைத் தூண்டிவிட்டது.

நண்பர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மகன் கல்லூரியில் படிக்கிறான். மகள் பள்ளிக்கூடக் கபடிக் குழுவில் ஆடுகிறாள். வீட்டிலேயே தேகப்பயிற்சி செய்வதற்கு ஏழடி இரும்புக் கம்பியும், வட்டுகளும், 'ஸ்குவாட் ராக்' என்று இந்நாளில் வழங்கும் தாங்கி ஒன்றும் வாங்கித் தரவேண்டும் என்று இருவரும் தகப்பனாரை நச்சரித்து வந்தார்கள். நண்பர் சிக்கனக்காரர். கிடைத்தவற்றுள் மிக மலிவான தாங்கியைத் தருவித்தார். ஒன்றோடொன்று சேராத இரண்டு தனித் தூண்கள். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் குழாய்க்குள் குழாய் ஏறி இறங்கும். பார்வைக்கு நல்ல பளபளப்பு.

தாழ்வாரத்தில் இடம் போதாமையால் மகன் அத்தூண்களை நெருக்கி, 80 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தினான். ஒருநாள் மாலை பயிற்சி முடிந்ததும், கம்பியின் ஒரு பக்கத்திலிருந்த 30 கிலோ வட்டுகளை ஒன்றுவிடாமல் கழற்றினான். மறுபக்கத்து 30 கிலோ அப்படியே இருந்தது. கடைசி வட்டு கையோடு வந்த கணத்தில், கம்பி ஏற்றமரம்போல் ஒரு புறம் எழும்பி, மறுபுறம் சரிந்து, தூணையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது. தரை ஓடு நொறுங்கிற்று. ஓடு போனால் போகட்டும். அதே இடத்தில் சற்று முன்புவரை நண்பரின் நான்கு வயதுப் பேத்தி உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பாட்டி பால் குடிக்கக் கூப்பிட்டதால் எழுந்து உள்ளே போயிருந்தாள்.

நாம் அவ்வூருக்குச் சென்றபோது வீட்டில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டிருந்தன.

"அந்தச் சனியனை நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுவிடப் போகிறேன்" என்றார் நண்பர்.

"அப்பா, தப்பு தாங்கியிலேதானுங்க, பயிற்சியிலே இல்லீங்களே" என்றாள் மகள்.

இரு கட்சியாரும் நம்மையே மத்தியஸ்தராக வைத்தார்கள். நாம் இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, அளவு நாடாவும் காகிதமும் எடுத்து உட்கார்ந்தோம். அந்த இரண்டு நாட்களில் தெளிவானவற்றையே கீழே எழுதுகிறோம். இதே நச்சரிப்பு இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறதாகையால், வாசகர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

நண்பரின் முதல் ஆட்சேபம் நியாயமானது. "நாங்கள் தண்டாலும் பஸ்கியும் எடுத்தோம்; அதற்குக் காசா செலவழித்தோம்?" என்றார். உட்கார்ந்து எழுவதாகிய பஸ்கிக்குத் தரையைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லைதான். பயிற்சியை இன்றைக்குத்தான் தொடங்குகிறவருக்கு நாமும் அதையே சொல்வோம். சில மாதங்கள் வெறும் உடம்போடு பஸ்கி எடுக்கட்டும். பிறகு 10 அல்லது 15 கிலோ மணல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எடுக்கட்டும். அதுவரையில் தாங்கிக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் பஸ்கியின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் மூச்சு வளரும். பலம் ஓரளவோடு நின்றுவிடும். பலம் வளரப் பாரமும் வளரவேண்டும். இது வாலிபர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று. வயது ஏற ஏறத் தசை கரைகிறது; நாற்காலியிலிருந்து எழக் கையூன்றும் நாள் வருகிறது. பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. அப்பயிற்சிகளுள் பஸ்கிக்கு இணையானவை சிலவே. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்ட்டிலும் நடந்த காமன்வெல்த் விளையாட்டுக்களில் 77 கிலோ பிரிவில் பளு தூக்கித் தங்கம் வென்றார். போட்டி மேடையில் தாங்கி கிடையாது. கம்பியைத் தரையிலிருந்தே எடுக்கவேண்டும். ஆனால் பளு தூக்குவோர் அன்றாடம் கால்பலத்தை வளர்ப்பது, தாங்கியிலிருந்து கம்பியைத் தோளில் ஏற்று எடுக்கும் பஸ்கியினால்தான்.

தாங்கி எதற்கு என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஜெர்மனியில் பிறந்த ஸ்டைன்பார்ன் என்ற பலசாலி 1921-ல் அமெரிக்கா சென்றார். அவர் தாங்கியையே நாடவில்லை. வட்டுகள் பூட்டிய கம்பியை ஒரு நுனியில் செங்குத்தாக நிமிர்த்தி, அதனடியில் குந்தி, முதுகின்மேல் சாய்த்துக்கொண்டு எழுவார். அம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நம் நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கியவர்களும் அப்படியே. தரையிலிருந்து எடுத்து, தோளேற்றி, பின்புறமாக மண்ணில் விட்டெறிந்தார்கள். அவர்கள் பலசாலிகள், அவர்களைச் சுற்றித் திறந்த வெளி இருந்தது. ஓடு பதித்த கூடத்தில், சுவருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே, குழந்தைகள் நடமாடும் வீட்டில் அவ்வித்தை செல்லாது. பாரம் தோளுக்கு ஏறவும் ஓர் இடம் வேண்டும். தோளிலிருந்து இறங்கவும் ஓர் இடம் வேண்டும்.

ஏறும் இடத்தை எல்லோரும் பார்த்து வாங்குகிறார்கள். இறங்கும் இடத்தைப் பார்த்து வாங்குவோர் குறைவு. 2025 பிப்ரவரியில் ராஜஸ்தானத்துப் பிகானேரில் வலுதூக்கும் வீராங்கனையாகிய 17 வயதுப் பெண் ஒருத்தி, பயிற்சியின்போது 270 கிலோ கம்பி கழுத்தில் விழுந்து உயிர் துறந்தாள். தேசியப் பதக்கம் பெற்ற பெண் அவள். பயிற்சியாளரும் அருகிலேயே இருந்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் அதில் நான்கில் ஒரு பங்கு பாரத்தோடுதான் பழகுவார்கள். ஆனால் அவர்கள் தனியாகப் பழகுவார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே தாங்கி வாங்குவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: "கம்பியோடு குந்தியவனால் எழுந்திருக்க முடியாமல் போனால் என்ன நடக்கும்?" இதற்கு விடையளிக்கும் உறுப்புத் தாங்கியில் ஒன்று உண்டு. தூணிலிருந்து முன்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் காவல் கைகள், அல்லது முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே செல்லும் காவல் கம்பிகள். நன்றாகக் குந்தியிருக்கும்போது தோளிலுள்ள கம்பி எங்கே இருக்கிறதோ, அதற்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே அவற்றை நிறுத்தி வைக்கவேண்டும். எழ முடியாதவன் பீதியடையாமல் இன்னும் சற்றே தாழ்ந்தால் போதும். பாரத்தைக் காவல் கைகள் வாங்கிக்கொள்ளும். நண்பர் வாங்கிய தாங்கியில் இவ்வுறுப்பே இல்லை. இஃது இல்லாத தாங்கியை, இனாமாகக் கொடுத்தாலும் தனியாகப் பயிற்சி செய்கிறவர் வாங்க வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

இனி, தாங்கிகளின் வகைகளைப் பார்ப்போம். தனித்தனியான இரண்டு தூண்கள் முதல் வகை. இரண்டு தூண்களையும் கீழே குறுக்குக் குழாயால் பிணைத்தது இரண்டாம் வகை. நான்கு தூண்களால் கூண்டுபோல் அமைத்தது மூன்றாம் வகை. முதல் வகை மிக மலிவு. கூண்டோ அதைவிடப் பல மடங்கு விலை. நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது, காவல் கைகளோடு கூடிய இரண்டாம் வகை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கை மரக்கிளையை ஒத்தது. நுனிக்குப் போகப் போகத் தாங்கும் சக்தி குறையும். இரண்டு தூண்களின்மேல் படுத்திருக்கும் காவல் கம்பியோ பாலத்தை ஒத்தது. தம் சொந்த எடைக்கு மேற்பட்ட பாரத்தோடு பழகும் நிலைக்கு வந்தவர்கள் கூண்டு வாங்குவதே விவேகம்.

அகலத்தின் விஷயத்தில்தான் நண்பரின் மகன் தவறிழைத்தான். உண்மையில் அது அவன் தவறன்று. எந்த இடைவெளியிலும் நிறுத்திக்கொள்ளும்படி விட்ட தாங்கியின் தவறு. போட்டிகளில் ஆடவருக்கு வழங்கும் கம்பி 20 கிலோ எடை, 220 சென்டிமீட்டர் நீளம். வட்டு கோக்கும் இரு நுனிகளுக்கும் இடையே, கம்பியின் நடுப்பகுதி 131 சென்டிமீட்டர். ஆகவே கம்பியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் தூரத்தில் வட்டுகள் நிற்கின்றன. தூண்கள் 80 சென்டிமீட்டர் இடைவெளியில் நின்றால், வட்டு தூணுக்கு 30 சென்டிமீட்டர் வெளியே தொங்குகிறது. துலாக்கோல் கணக்குப்படி, மறுபக்கம் வெறுமையாக இருக்கும்போது 26 கிலோவுக்குச் சற்று மேற்பட்டதுமே கம்பி கவிழ்ந்துவிடும். அங்கே இருந்தது 30 கிலோ. விழுந்ததில் ஆச்சரியம் என்ன?

அதே கம்பியை 110 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள தூண்களில் வைத்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய 73 கிலோ சேர்ந்தால்தான் கவிழும். முப்பது சென்டிமீட்டர் இடைவெளிக்கு எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! அதற்காக 131-ஐ நெருங்கவும் கூடாது. கம்பியை வைக்கும்போது வட்டு தூணில் இடிக்கும். தூண்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 110 சென்டிமீட்டர் என்பது ஏழடிக் கம்பிக்குப் பொருத்தமான அளவு. இருபுறமும் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். ஐந்தடி, ஆறடிக் கம்பிகளில் அந்த நடுப்பகுதி குறுகலாயிருக்கும், கம்பியும் இலேசானது. ஆகையால் கம்பியை முதலில் வாங்கி, அளந்து பார்த்து, பிறகுதான் தாங்கிக்குச் சொல்லவேண்டும். தாங்கி எப்படிப்பட்டதாயினும், வட்டுகளை இருபுறமும் மாறி மாறி, ஒவ்வொன்றாகவே கழற்றவேண்டும். இப்பழக்கத்துக்குச் செலவே இல்லை.

அடுத்தது அடிப்பாகம். நண்பர் வீட்டுத் தூண் ஒவ்வொன்றும் 10 கிலோ எடை. அதன் அடிக்குழாய் 40 சென்டிமீட்டர் நீளம். கம்பி இல்லாத வேளையில், 140 சென்டிமீட்டர் உயரத்தில் அதை ஒன்றரைக் கிலோ விசையோடு தள்ளினால் சாய்ந்துவிடும். ஒன்றரைக் கிலோ என்பது பூனை பாய்ந்தாலே உண்டாகும் விசை. 45 கிலோ எடையுள்ள பிணைத்த தாங்கியாக இருந்து, அடிக்குழாய் தூணுக்குப் பின்புறம் 45 சென்டிமீட்டரும் முன்புறம் 75 சென்டிமீட்டரும் நீண்டிருந்தால், அதைச் சாய்க்க 14 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். ஏறக்குறையப் பத்து மடங்கு! குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு ஒன்றே போதும், தனித் தூண்களைத் தள்ளிவிட. தரையோடு திருகாணி போட்டு இறுக்கிவிட்டால் இன்னும் உத்தமம்.

உயரத்துக்கு வருவோம். கம்பியை ஏந்தும் கொக்கி நெஞ்சின் நடு மட்டத்தில் இருக்கவேண்டும். முழங்காலைச் சற்று மடித்துத் தோளைக் கம்பிக்கு அடியில் கொடுத்து, நிமிர்ந்தால் கம்பி கொக்கியை விட்டு எழும்பவேண்டும். நுனிக்காலில் நின்று கம்பியை எடுக்க நேர்ந்தால் கொக்கி உயரம் என்று அர்த்தம். களைத்த பிறகு அதே உயரத்தில் திரும்பி வைக்க முடியாது. 172 சென்டிமீட்டர் உயரமுள்ள மகனுக்கு ஏறக்குறைய 130 சென்டிமீட்டரிலும், 155 சென்டிமீட்டர் உயரமுள்ள மகளுக்கு ஏறக்குறைய 116 சென்டிமீட்டரிலும் கொக்கி தேவைப்படுகிறது. துளைகள் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருந்தால் இருவரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு குறை வந்தே தீரும். 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருந்தால் அம்மா, மகள், மகன் மூவரும் தத்தம் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். குழாய்க்குள் குழாய் ஏறும் வகையில் பாரம் முழுவதையும் ஒரு சிறு ஊசி தாங்குகிறது; மேல்பாகமும் ஆடுகிறது. ஒரே நீளத் தூணில் துளையிட்டு, கொக்கியை மட்டும் நகர்த்தும் வகையே நாம் விரும்புவது.

இரும்பின் கனத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் 'கேஜ்' கணக்கில் பேசுவார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிப்பாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.6, 14 கேஜ் 2, 11 கேஜ் ஏறக்குறைய 3. 18 கேஜ் குழாயைத் தொடவே வேண்டாம். புதிதாகப் பழகுவோருக்கு 2 மில்லிமீட்டர் போதும். நீண்ட காலம் உழைக்க 3 மில்லிமீட்டர் நல்லது. சொல்லுகிற கனம் உண்மைதானா என்று அறியத் தராசு இருக்கிறது. 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர் கனமானால் மீட்டருக்கு ஏறக்குறைய 4.4 கிலோ, 2 மில்லிமீட்டரானால் 3 கிலோ. "300 கிலோ தாங்கும்" என்று அட்டையில் அச்சிட்ட தாங்கியே 15 கிலோதான் எடை என்றால், எந்த உறுப்பு 300 கிலோ தாங்கும் என்று விற்பவரைக் கேளுங்கள். பெரும்பாலும் மௌனமே பதிலாக வரும்.

நிற்க. மீரட்டிலும் ஜலந்தரிலும் விளையாட்டுக் கருவிகள் திரளாகச் செய்யப்படுகின்றன. கம்பியையும் வட்டுகளையும் அத்தகைய இடங்களிலிருந்து வரவழைப்பதே சரி. கம்பியின் எஃகும் நுனிகளின் சுழற்சியும் பட்டறையில் செய்யக்கூடியவை அல்ல. ஆனால் தாங்கி வேறு விஷயம். அது நாலைந்து குழாய்த் துண்டுகளும் பற்றவைப்புமே. சேலம் சீமையின் இரும்புத் தாதுவை நம்பி 1830-களிலேயே பரங்கிப்பேட்டையில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை நடத்தினார். 1997 வரை அச்சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த நாமக்கல், லாரிகளுக்குப் பாடி கட்டும் தொழிலில் நாடறிந்த ஊர். அத்தனை பட்டறைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எடை மிகுந்த இரும்புச் சட்டத்தை ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வண்டிச் சத்தம் கொடுத்துத் தருவிப்பானேன்?

நாம் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு நண்பரும் நாமும் ஒரு பட்டறைக்குச் சென்றோம். பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, நூறு கிலோவுக்கா இவ்வளவு யோசனை? நாங்க இருவது டன் ஏத்துற வண்டிக்கே பாடி கட்டறவங்களுங்க" என்று சிரித்தார்.

"வண்டியில் இருக்கிறது நெல் மூட்டைங்க, இதிலே குனியப் போகிறது என் மகன் கழுத்து" என்றார் நண்பர்.

பட்டறைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அளவுகளை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.

கணக்கு இப்படி வந்தது. சதுரக் குழாய் ஆறு மீட்டர் நீளத்தில் விற்கிறது. 1.8 மீட்டரில் இரண்டு தூண்களும், 1.2 மீட்டரில் இரண்டு அடிக்குழாய்களும் ஒரே குழாயில் சரியாக அடங்கிவிட்டன. இரண்டாம் குழாயில், பின்புறக் குறுக்குக் குழாய் 1.05 மீட்டர், சாய்வுத் தாங்கல்கள் நான்கு, அரை மீட்டர் நீளக் காவல் கைகள் இரண்டு. எல்லாம் போக இரண்டு மீட்டர் மிஞ்சிற்று. அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டோம். கொக்கியும் காவல் கையும் தூணைக் கவ்விக்கொண்டு ஏறி இறங்க, 60 மில்லிமீட்டர் குழாயில் சிறு துண்டுகள் போதும். 3 மில்லிமீட்டர் கனமுள்ள அக்குழாயின் உள்ளளவு 54. ஆகவே 50 மில்லிமீட்டர் தூணின்மேல் இலகுவாக நகரும். காவல் கையைக் கவ்வும் துண்டு 20 சென்டிமீட்டராவது நீளமிருக்க வேண்டும். கையின் அடியில் முக்கோணத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். மொத்த எடை 45 கிலோவை ஒட்டியது. இரும்பின் விலை மாறிக்கொண்டே இருக்குமாகையால் ரூபாயில் நாம் எழுதவில்லை. அன்றைய கிலோ விலையால் பெருக்கி, கூலியைச் சேர்த்து, கடை விலையோடு ஒப்பிட்டுக்கொள்வது ஒவ்வொருவருக்கும் எளிது.

பட்டறையில் கவனிக்கவேண்டியவை சில உண்டு. தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் முதல் 160 வரை, 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 23 துளைகள் ஒவ்வொரு தூணிலும் வேண்டும். இரண்டு தூண்களையும் சேர்த்து இறுக்கி ஒன்றாகவே துளையிடச் சொல்லவேண்டும். தனித்தனியாக இட்டால் ஒரு கொக்கி மேலும் ஒன்று கீழுமாகிக் கம்பி சாய்ந்து நிற்கும். ஊசிக்கு 16 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பி; அது தானாகக் கழன்று வராதபடி ஒரு பூட்டு. பற்றவைப்பு நாற்புறமும் முழுமையாக ஓடவேண்டும். அங்கங்கே பொட்டு வைத்து விடுவது கதவுக்குப் போதும், இதற்குப் போதாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டாம்; பற்றவைக்கும்போது எழும் புகை தொழிலாளியின் உடம்புக்குக் கெடுதல். கறுப்புக் குழாய் வாங்கி, ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே வர்ணம் பூசுவதே முறை. குழாய் வாய்களை மூடியால் அடைத்துவிட வேண்டும். எருமப்பட்டிப் பக்கத்துத் தேள்களுக்கு நாம் வாடகைக்கு வீடு கட்டித் தரவேண்டியதில்லை.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழடிக் கம்பிக்கு இருபுறமும் வட்டு மாட்ட இடம் வேண்டும். பத்தடி அகலமில்லாத அறையில் அதை வைக்க முயல்வது வீண். அப்படிப்பட்ட அறைக்கு ஐந்தடிக் கம்பியும், அதற்கேற்ற குறுகிய தாங்கியுமே தகும். தலைக்குமேல் கம்பியைத் தூக்கும் உத்தேசம் இருந்தால், நீட்டிய கைக்கு மேல் இன்னும் 25 சென்டிமீட்டர் இடம் விட்டு விதானம் இருக்கவேண்டும். பெரிய வட்டின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். மாடியைவிடக் கீழ்த்தளம் நல்லது. தாங்கியின் அடியிலும் காவல் கைகளுக்கு நேர் கீழேயும் கனத்த ரப்பர் விரிப்புப் போடவேண்டும்.

பழைய தாங்கி வாங்குவோரும் உண்டு. மூடிவிட்ட பயிற்சிக் கூடங்களிலிருந்து நல்ல கனமான சட்டங்கள் பாதி விலைக்குக் கிடைப்பதுண்டு. வாங்குமுன் பற்றவைத்த இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழைபோல் வெடிப்பு ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். துளைகள் வட்டமாக இராமல் முட்டை வடிவமாகியிருந்தாலும் அப்படியே. நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமில்லை; அதைத் தாங்கியில் தேட வேண்டாம்.

பட்டறைத் தாங்கிக்கு யாரும் நற்சாட்சிப் பத்திரம் தரமாட்டார்கள். நாமே சோதித்துக்கொள்ள வேண்டும். சிமெண்டு மூட்டை ஒன்று 50 கிலோ. நண்பர் பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்கு வந்திருந்த மூட்டைகளில் மூன்றை இரவல் வாங்கினார். காவல் கைகளின்மேல் கம்பியை வைத்து, அதிலிருந்து மூன்று மூட்டைகளையும் கயிற்றால், தரைக்கு நாலு விரற்கடை மேலே கட்டித் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, அன்றிரவு முழுவதும் அப்படியே விட்டுவைத்தோம். பிள்ளைகள் உபயோகிக்கப் போவது 75 கிலோவுக்கு உட்பட்டது. இது அதில் இரு மடங்கு. காலையில் அளவு நாடா வைத்துப் பார்த்தோம். கைகள் சாயவில்லை, பற்றவைப்பில் வெடிப்பில்லை, அடிக்குழாய் தரையை விட்டு எழும்பவில்லை. அதன் பிறகே தாங்கிக்குச் சந்தனம் குங்குமம் வைக்க நண்பரின் மனைவியார் சம்மதித்தார்.

முதல் பயிற்சியாக நாம் மகனை பஸ்கி எடுக்கச் சொல்லவில்லை. வட்டு ஒன்றும் இல்லாத வெறுங்கம்பியைத் தோளில் ஏற்றி, குந்தி, வேண்டுமென்றே எழாமல், காவல் கைகளில் கம்பியை இறக்கிவிட்டு வெளியே வரும்படி சொன்னோம். பத்துத் தடவை அதையே செய்தான். பிறகு மகள் செய்தாள். தோற்கும் வழியை முன்னதாகவே கற்றுக்கொண்டவருக்கு உண்மையாகவே எழ முடியாத நாளில் பதற்றம் இராது. தாங்கி இருக்கும் தாழ்வாரத்துக்கு ஒரு குட்டைக் கதவும் போட்டாயிற்று. பயிற்சி நேரத்தில் பேத்திக்கு அங்கே பிரவேசம் கிடையாது.

பழைய தூண்கள் இரண்டும் என்ன ஆயின என்று வாசகர்கள் கேட்கலாம். நண்பர் அவற்றை இரும்புக்கடைக்குப் போடவில்லை. கொல்லைப்புறத்தில் எதிரெதிராக நட்டு, நடுவே கயிறு கட்டி, துணி உலர்த்தும் கொடியாக்கிவிட்டார். ஈர வேட்டி நாலைந்தின் பாரத்தை அவை மிக நன்றாகவே தாங்குகின்றன. புதிய தாங்கியின்மேல் மட்டும் யாரும் துண்டுகூடப் போடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. சென்ற வாரம் நண்பர் நம்மோடு தொலைபேசியில் பேசியபோது, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொரு செய்தியும் சொன்னார். பிள்ளைகள் கல்லூரிக்கும் பள்ளிக்கும் போன பிறகு, காலை பத்து மணிக்கு, அவரும் வெறுங்கம்பியோடு ஐந்து பஸ்கி எடுத்து வருகிறாராம். கொக்கியைத் தம் உயரத்துக்கு இறக்கிக்கொள்ள ஐந்து சென்டிமீட்டர்த் துளை மிகவும் சௌகரியமாக இருக்கிறதாம்.